எஜமானர்கள் தள்ளிப்போடும் முடிவுகள்

நாய்க்குட்டியை வீட்டுக்குக் கொண்டுவர ஒரு நிமிடம் போதும். கருத்தடை, தடுப்பூசி, இடமாற்றம், கடைசி ஊசி என்று அதன் பிறகு வரும் கேள்விகள்தான் கடினமானவை. வீட்டில் பதில் கிடைக்காத அந்தக் கேள்விகள் எல்லாம் கடைசியில் வந்து சேரும் இடம் தெரு.

அந்தமானில் பொழுது சீக்கிரம் விடியும். சென்னையின் கடிகாரமும் இங்குள்ள கடிகாரமும் காட்டுவது ஒரே நேரம்தான். ஆனால் சூரியன் இங்கே முந்திக்கொள்கிறது. காலை 5 மணிக்கெல்லாம் அபர்டீன் பஜாரின் மணிக்கூண்டைச் சுற்றி வெளிச்சம் வந்துவிடும். முதல் உலகப் போரில் இறந்தவர்களின் நினைவாகக் கட்டப்பட்ட கூண்டு அது. பக்கத்தில் மோகன்புரா பஸ் நிலையம். டீக்கடைகளில் தமிழ், வங்காளம், தெலுங்கு, இந்தி எல்லாம் கலந்து கேட்கும். கடைகளின் ஷட்டர்கள் ஏறும்வரை அந்தப் படிகள் நாய்களுக்குச் சொந்தம்.

அவற்றில் எது தெருவிலேயே பிறந்தது, எது ஒரு காலத்தில் வீட்டுத் திண்ணையில் படுத்திருந்தது என்று பார்த்தவுடன் சொல்ல முடியாது. இரண்டுக்கும் இடையே பெரிய தூரமும் இல்லை. ஒரு வீட்டு நாய் ஈன்ற குட்டிகளில் இரண்டை யாராவது கேட்டு வாங்கிப் போவார்கள். மீதி மூன்று, கண் திறந்த சில வாரங்களில் சாக்குப்பையில் ஏறி மீன் கடைப் பக்கம் போய்ச் சேரும். அங்கே பசி தீரும் என்று சொல்லி மனத்தைத் தேற்றிக்கொள்வார்கள். ஒரு வருடத்தில் அந்தக் குட்டிகளும் குட்டி போடும். அதன் பிறகு அந்த நாய்களுக்குப் பொறுப்பு நகராட்சி, நீதிமன்றம், கடிபட்ட பள்ளிச் சிறுவன் என்று யார் யார் தலையிலோ விழும். முதல் குட்டியை ஆசையாகத் தூக்கி வந்தவரின் பெயர் மட்டும் எந்தக் கணக்கிலும் இருக்காது.

இது அபர்டீன் பஜாரின் கதை மட்டுமல்ல. திருநெல்வேலி டவுனிலும் தாராவியிலும் நடப்பது இதுதான். ஆனால் தீவில் தப்பிக்க இடமில்லை. கைவிடப்பட்ட பிராணி கண்ணிலிருந்து மறைந்து வேறு மாவட்டத்துக்குப் போய்விடாது. கடல் சுவர்போல நிற்பதால், ஒரு வீட்டில் எடுக்காமல் விட்ட முடிவு எங்கே போய் முடிகிறது என்பது இங்கே தெளிவாகத் தெரியும்.

கப்பலில் வந்த விருந்தாளி

அந்தமான் காடுகளுக்கு நாய் அந்நியம். 1858 மார்ச்சில் பிரிட்டிஷ் அரசு கைதிகளைக் கொண்டுவந்து இறக்கிக் குடியேற்றம் அமைத்தபோது நாய்களும் கூடவே வந்தன. அதற்கு முன் அந்தமான் பழங்குடிகள் நாயைப் பார்த்ததில்லை. பார்த்த பிறகு விடவில்லை. காட்டுப்பன்றி வேட்டைக்கு நாயைவிட நல்ல துணை இல்லை என்பதைச் சீக்கிரமே புரிந்துகொண்டார்கள். சில பத்தாண்டுகளில் நாய்கள் லிட்டில் அந்தமானின் ஓங்கிகள்வரை போய்ச் சேர்ந்து, அவர்களுடைய குடில்களில் இடம் பிடித்தன.

அந்தக் காடுகளில் புலி, சிறுத்தை, நரி எதுவும் கிடையாது. புனுகுப் பூனையைவிடப் பெரிய ஊனுண்ணி இல்லாத இடத்தில் நாய் வந்து இறங்கினால் அதற்குப் போட்டி ஏது? கடலாமைகள் முட்டையிடும் கடற்கரைகளில் இதன் விளைவு தெரிகிறது. மணலைத் தோண்டி முட்டைகளையும், பொரிந்து வெளிவரும் குஞ்சுகளையும் நாய்கள் தின்பதை ஆய்வாளர்கள் பல ஆண்டுகளாகப் பதிவு செய்திருக்கிறார்கள். ஆமை கடலிலிருந்து ஏறி வந்து, குழி தோண்டி, சுமார் நூறு முட்டை இட்டு, மூடிவிட்டுத் திரும்பிப் போகும். அதைப் பாழாக்க இரண்டு நாய்களுக்கு ஓர் இரவு போதும். நாயைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. அது தானாக நீந்தி அங்கே போகவில்லை.

பிராணியைக் கைவிடுவது என்றால் என்ன என்பதற்கு இந்தத் தீவுகளில் நாயைவிடப் பெரிய உதாரணமே உண்டு. வடக்கு அந்தமானில் மரம் வெட்டிய தனியார் கம்பெனி ஒன்று 1962ல் தொழிலை மூடிக்கொண்டு போனபோது, மரம் இழுத்த யானைகளை விட்டுவிட்டுப் போனது. இன்டர்வியூ தீவில் அவை காட்டு யானைகளாயின. மரப்பட்டையை உரித்துத் தின்று அந்தத் தீவின் காட்டையே மாற்றிவிட்டன என்கிறார்கள் வனவிலங்கு ஆய்வாளர்கள். வேலை முடிந்ததும் விட்டுச் சென்ற பிராணி எங்கும் காணாமல் போய்விடவில்லை. அது அங்கேயேதான் இருந்தது.

முதல் முடிவு: கொண்டுவரலாமா?

அபர்டீன் பஜாரில் கடை வைத்திருப்பவரும் சரி, மத்திய அரசு அலுவலகத்தில் வேலை பார்ப்பவரும் சரி, ஜாதி நாய் வேண்டுமென்றால் அவர்கள் பார்வை திரும்புவது சென்னை, கொல்கத்தா பக்கம்தான். சென்னையிலிருந்து கடல் வழியில் சுமார் 1,200 கி.மீ. கப்பலில் ஏறக்குறைய மூன்று நாள், விமானத்தில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று அதிகம். ஆசையாக ஒரு குட்டியைக் கொண்டுவருவதில் என்ன ஆபத்து?

இருக்கிறது. ரேபிஸ் எனப்படும் வெறிநாய்க்கடி நோய் இல்லாத பகுதிகள் என்று இந்திய மருத்துவ நூல்கள் நெடுங்காலமாகக் குறிப்பிட்டு வருவது இரண்டே இடங்களைத்தான்: ஒன்று லட்சத்தீவு, மற்றொன்று அந்தமான் நிக்கோபார். லட்சத்தீவில் நாயே கிடையாது. கொண்டுவரவும் அனுமதியில்லை. அந்தமானிலோ நாய்களுக்குப் பஞ்சமில்லை. கிருமி மட்டும்தான் இல்லை. அதாவது விறகு அடுக்கியாகிவிட்டது, தீக்குச்சி இன்னும் வரவில்லை.

தீக்குச்சி எப்படி வரும் என்பதை இந்தோனேசியா காட்டியிருக்கிறது. அங்கே ஃபுளோரெஸ் தீவில் 1997க்கு முன் ரேபிஸ் இருந்ததில்லை. அந்த ஆண்டு சுலவேசிப் பக்கத்திலிருந்து படகில் வந்த மூன்று நாய்களோடு நோயும் இறங்கியது. பெருமளவில் நாய்களைக் கொன்று பார்த்தார்கள். நோய் நிற்கவில்லை. 2008ல் பாலித் தீவுக்கும் இதே கதி. சுற்றுலாவை நம்பி வாழும் அந்தத் தீவில் அடுத்த சில ஆண்டுகளில் நூற்றுக்கும் மேற்பட்டோர் ரேபிஸில் இறந்தார்கள். அங்கும் கொல்வது கைகொடுக்கவில்லை. தீவு முழுக்க நாய்களுக்குத் தடுப்பூசி போட்டபோதுதான் நோய் தணியத் தொடங்கியது. நாய்களில் 100க்கு 70க்குக் குறையாமல் ஊசி போட்டால்தான் நோயின் சங்கிலி அறுபடும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு.

ரேபிஸ் கிருமி நாயின் உடலுக்குள் போன பிறகு அறிகுறி தெரிய இரண்டு வாரமும் ஆகலாம், சில மாதங்களும் ஆகலாம். அதுவரை நாய் துள்ளி விளையாடும், வாலாட்டும், குழந்தையின் முகத்தை நக்கும். கப்பலில் ஏறும்போது ஆரோக்கியமாக இருந்தது என்பதற்கு இதனால்தான் அர்த்தமில்லை. மூன்று மாதம் நிறைந்த குட்டிக்கு ரேபிஸ் தடுப்பூசி போட்டு, அது வேலை செய்ய நாள் கொடுத்து, கால்நடை மருத்துவரின் சான்றிதழோடு கொண்டுவருவதில் ஆகும் தாமதம் ஒரு மாதம். ஒரு தீவுக் கூட்டமே இழக்கக்கூடியதை நினைத்தால் இது அற்பம். எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கவே கூடாது என்று 2017ஆம் ஆண்டின் நாய் இனப்பெருக்க விதிகள் சொல்கின்றன. சின்னதாக இருந்தால்தான் பழகும் என்று அவசரப்படுபவர்கள் அதைக் கேட்பதில்லை.

எந்த ஜாதி என்பதும் முடிவுதான். பனிப் பிரதேசத்துக்கென்று இரட்டை ரோமம் வளர்த்த சைபீரியன் ஹஸ்கியை, வருடத்தில் பாதிக்கு மேல் மழை பெய்யும், காற்றே ஈரத் துணியாக இருக்கும் ஊரில் வளர்ப்பது யாருக்காக? உண்ணியும் தோல் நோயும் வந்த பிறகு அந்த அழகு போய்விடும். அதோடு ஆசையும் போய்விட்டால் நாய் என்ன செய்யும்?

இரண்டாவது முடிவு: கத்தி வைக்கலாமா?

பெட்டை நாய் சினைப்பட்டு 63 நாள் ஆனதும் குட்டி போடும். ஒரு ஈற்றுக்கு நாலைந்து குட்டிகள் சாதாரணம். வருடத்துக்கு இரண்டு முறை பருவம் வரும். ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடத்துக்குள் முதல் பருவம் வந்துவிடும். இந்தக் கணக்கு தெரியாத எஜமானர் இல்லை. ஆனாலும் 'ஒரு தடவையாவது குட்டி போடட்டும்' என்பது வீட்டுக்கு வீடு கேட்கும் வசனம். பாவம் என்பார்கள், இயற்கைக்கு விரோதம் என்பார்கள். ஆண் நாயாக இருந்தால் கேட்கவே வேண்டாம். 'நம்ம வீட்டிலா குட்டி போடப் போகிறது?' என்று கதவைத் திறந்து விட்டுவிடுவார்கள்.

உண்மையில் கருத்தடை நாய்க்கு நல்லது. கருப்பையில் சீழ் பிடித்து உயிரைக் குடிக்கும் நோய் வராது. சிறு வயதிலேயே செய்தால் மார்புக் கட்டிகள் வரும் வாய்ப்பு வெகுவாகக் குறையும். இனச்சேர்க்கை மூலம் தெரு நாய்களிடையே பரவும் பால்வினைக் கட்டியிலிருந்தும் பெரும்பாலும் தப்பலாம். வீட்டு நாய்க்குத் தடுப்பூசி போடுவதும், குடற்புழு நீக்குவதும், கருத்தடை செய்வதும் உரிமையாளரின் பொறுப்பு என்று மத்திய அரசின் 2023ஆம் ஆண்டு பிராணிகள் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகள் வெளிப்படையாகவே சொல்கின்றன. தெரு நாய்க்கு உள்ளாட்சி, வீட்டு நாய்க்கு வீட்டுக்காரர் என்று பொறுப்பு பிரிக்கப்பட்டிருக்கிறது. தெரு நாய்களைப் பற்றி நகராட்சிக்கு மனு எழுதுபவர்களில் எத்தனை பேர் தன் வீட்டு நாய்க்கு அறுவை செய்திருப்பார்கள் என்பது நல்ல கேள்வி.

கொன்று குறைக்கலாமே என்பவர்களுக்குச் சென்னையின் அனுபவம் பதில். நூறாண்டுக்கு மேலாக நாய்களைப் பிடித்துக் கொன்ற மாநகராட்சி அது. ஒரு தெருவில் நாய்கள் போனால் குப்பைத்தொட்டி அங்கேயேதான் இருந்தது. அதைத் தேடி அடுத்த தெரு நாய்கள் வந்தன. 1960களிலிருந்தே கருத்தடைதான் வழி என்று வாதாடி வந்த சென்னை புளூ கிராஸ் அமைப்பின் யோசனை கடைசியில் 1996ல் ஏற்கப்பட்டது. 2001ல் அதுவே நாடு முழுவதற்கும் விதியானது.

ஆனால் அந்த விதியாலும் தெரு நாய்ப் பிரச்னை தீரவில்லை என்பதற்கு 2025 சாட்சி. டெல்லித் தெரு நாய்கள் அனைத்தையும் காப்பகங்களில் அடைக்கும்படி ஆகஸ்ட் 11ம் தேதி உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. நாடே இரண்டாகப் பிரிந்து வாதாடியது. ஆகஸ்ட் 22ம் தேதி மூன்று நீதிபதிகள் கொண்ட பெஞ்ச் அதை மாற்றியது: கருத்தடையும் தடுப்பூசியும் போட்டுப் பிடித்த இடத்திலேயே விட வேண்டும், ரேபிஸ் உள்ளவை, மூர்க்கமானவை மட்டும் விதிவிலக்கு. நவம்பர் 7ம் தேதி இன்னொரு உத்தரவு: பள்ளி, மருத்துவமனை, பஸ் நிலையம், ரயில் நிலையம் போன்ற இடங்களில் பிடிக்கும் நாய்களைத் திரும்ப அங்கேயே விடக் கூடாது. நீதிமன்றம் மூன்று மாதத்தில் மூன்று முறை தலையிட வேண்டியிருந்தது. அந்த நாய்களில் பலவற்றின் தாயோ பாட்டியோ ஏதோ ஒரு வீட்டுக் கதவு திறந்துகிடந்த நாளில் சினைப்பட்டவை. நீதிமன்றத்தில் அவற்றின் எஜமானர்கள் யாரும் ஆஜராகவில்லை.

மூன்றாவது முடிவு: கடித்துவிட்டால்?

'எங்க நாய் கடிக்காது' என்பது நாட்டிலேயே அதிகம் பொய்த்துப்போகும் வாக்குறுதியாக இருக்கலாம். 2024 மே மாதம் சென்னையில் மாநகராட்சிப் பூங்கா ஒன்றில் இரண்டு ராட்வைலர் நாய்கள் 5 வயதுச் சிறுமியைக் கடித்துக் குதறின. உரிமையாளர் கைதானார். பிறகு கழுத்துப் பட்டை, வாய்மூடி, உரிமம் என்று எல்லோரும் பேசினார்கள். அவை எல்லாமே முன்பே இருந்திருக்க வேண்டியவை.

நாயின் குணம் முடிவாகும் காலம், பிறந்த மூன்றாவது வாரத்திலிருந்து பதினான்காவது வாரம்வரை. அந்தக் காலத்தில் குழந்தைகள், புதியவர்கள், ஆட்டோ சத்தம், மற்ற நாய்கள் இவற்றையெல்லாம் பயமில்லாமல் பார்த்துப் பழகிய குட்டி, வளர்ந்த பிறகு பயத்தில் கடிப்பது குறைவு. அதை விட்டுவிட்டு, இரவு பகலாகச் சங்கிலியில் கட்டிப்போட்டு 'காவலுக்கு நல்லது' என்பவர்கள் கடிக்கும் நாயைத் தாங்களே தயாரிக்கிறார்கள். கட்டியே வைத்திருக்கும் நாயை நடக்க விடாமலிருப்பது 1960ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமும்கூட.

கடித்துவிட்டால் முதல் முடிவு சில நிமிடங்களில் எடுக்க வேண்டியது. கடிபட்டவரின் காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவ வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப் பொடி எதுவும் கூடாது. பிறகு நேராக மருத்துவமனை. அந்தமானில் ரேபிஸ் இல்லையே என்று வீட்டிலேயே இருந்துவிடக் கூடாது. நோய் வந்த பிறகு மருந்தில்லை என்பதால், தடுப்பூசி தேவையா என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். இந்தியாவில் ஆண்டுக்கு சுமார் 20,000 பேர் ரேபிஸில் இறப்பதாக முன்பு மதிப்பிட்டார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆய்வு 2024ல் வெளியிட்ட மதிப்பீடு 5,726. குறைந்திருக்கிறது, ஆனாலும் தடுத்திருக்கக் கூடிய சாவுகள்.

இரண்டாவது முடிவு கௌரவம் சம்பந்தப்பட்டது. நாய் கடித்ததை ஒப்புக்கொள்வதா, 'அது எங்க நாயே இல்லை' என்று கைகழுவுவதா? கடித்த நாயை 10 நாள் கட்டிப்போட்டுக் கவனிப்பது கடிபட்டவரின் சிகிச்சையோடு நேரடியாகத் தொடர்புள்ளது. அந்தப் பத்து நாளும் அது நலமாக இருந்தால், கடித்த சமயத்தில் அதன் எச்சிலில் கிருமி இல்லை என்று அர்த்தம். பயந்துபோய் நாயை இரவோடு இரவாக வேறு தெருவில் விட்டுவருபவர், பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கிடைக்க வேண்டிய அந்தத் தகவலையும் சேர்த்து விட்டுவருகிறார். தன் வசமுள்ள பிராணியால் மனிதருக்கு ஆபத்து வராமல் காக்கத் தவறினால் ஆறு மாதம்வரை சிறை, 5,000 ரூபாய்வரை அபராதம் அல்லது இரண்டும் என்கிறது பாரதிய நியாய சன்ஹிதாவின் 291வது பிரிவு.

நான்காவது முடிவு: டிரான்ஸ்ஃபர் வந்தால்?

தீவுகளுக்கே உரிய பிரச்னை இது. கடற்படை, கடலோரக் காவல் படை, மத்திய அரசு அலுவலகங்கள், வங்கிகள் என்று இரண்டு மூன்று வருடப் பணிக்கு வந்து போகிறவர்கள் இங்கே ஏராளம். தனிமைக்குத் துணையாகவோ, பிள்ளைகளின் நச்சரிப்பாலோ ஒரு நாய் வீட்டுக்குள் வருகிறது. பிறகு ஆர்டர் வருகிறது. சாமான்களைக் கப்பலில் ஏற்றிவிடலாம். நாய்? எல்லா விமான நிறுவனங்களும் நாயை ஏற்றிக்கொள்வதில்லை. ஏற்றுபவர்களும் எடை, கூண்டு, சான்றிதழ் என்று நிபந்தனை போடுவார்கள். கடைசி வாரத்தில் விசாரிப்பவருக்கு எதுவும் அமையாது. குவார்ட்டர்ஸ் வாசலில் நாலு நாளைக்குச் சோறு வைக்கச் சொல்லிவிட்டுக் குடும்பம் கிளம்பிவிடும்.

தருமர் கதை தெரியாத தமிழர் இல்லை. கடைசிப் பயணத்தில் கூடவே வந்த நாயை விட்டுவிட்டு ரதத்தில் ஏறு என்று இந்திரன் சொன்னபோது, சொர்க்கமே வேண்டாம் என்று அவர் மறுத்தார். குவார்ட்டர்ஸ்வாசிகளிடம் யாரும் சொர்க்கத்தைத் துறக்கச் சொல்லவில்லை. இரண்டு மாதம் முன்னதாக விசாரிக்கச் சொல்கிறார்கள், அவ்வளவுதான்.

கூட்டிச் செல்வது ஒரு வழி. உண்மையிலேயே வளர்க்கக்கூடிய வீட்டைக் கண்டுபிடித்து, கருத்தடையும் தடுப்பூசியும் முடித்து, நாயின் பழக்கங்களைச் சொல்லி ஒப்படைப்பது மற்றொரு வழி. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நாயை வேறு நல்ல கைக்கு மாற்றுவது கைவிடுவது ஆகாது. தெருவில் விட்டுப்போவதுதான் கைவிடுவது. பசியும் தாகமும் வந்து துன்புறும் நிலையில் பிராணியைக் கைவிடுவது அதே 1960ஆம் ஆண்டுச் சட்டத்தின் 11வது பிரிவின்படி குற்றம். அதற்கு முதல் முறை அபராதம்: 10 ரூபாய்க்குக் குறையாமல், 50 ரூபாய்க்கு மிகாமல். சட்டம் எழுதியபோது அது பணம். அறுபது ஆண்டுகளுக்குப் பிறகும் சட்டப் புத்தகத்தில் அதே தொகைதான். இந்த விஷயத்தில் எஜமானரைச் சட்டம் மிரட்டும் என்று எதிர்பார்க்க முடியாது. மனசாட்சிதான் மிரட்ட வேண்டும்.

கடைசி முடிவு

எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்தவருக்கும் ஒரு கேள்வி காத்திருக்கிறது. பத்துப் பன்னிரண்டு வருடம் கழித்து நாயின் சிறுநீரகம் பழுதாகும், அல்லது புற்று பரவும், அல்லது பின்னங்கால்கள் இழுத்துக்கொள்ளும். சாப்பாட்டுத் தட்டை முகர்ந்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொள்ளும். அப்போது மருத்துவர் மெதுவாகச் சொல்வார்: ஊசி போட்டுவிடலாம்.

தமிழ் வீடுகளில் இந்தச் சொல் இடிபோல இறங்கும். உயிரை எடுக்க நாம் யார் என்பார் பாட்டி. பைரவரின் வாகனம், பாவம் பிடிக்கும் என்பார் பக்கத்து வீட்டுக்காரர். கேள்வி நியாயமானதுதான். ஆனால் அதன் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். வலிக்கிறது என்று சொல்ல நாய்க்கு வாயில்லை. தனக்காக முடிவெடுக்கவும் அதனால் முடியாது. 'தானாகப் போகட்டும்' என்று காத்திருப்பதில், அந்தக் காத்திருப்பின் வலி முழுவதும் நாயினுடையது. எஜமானருக்கு மிச்சமாவது முடிவெடுக்கும் வேதனை மட்டும்தான்.

எப்போது என்பதைத் தீர்மானிக்க ஒரு வழி இருக்கிறது. அமெரிக்காவின் புற்றுநோய்க் கால்நடை மருத்துவர் ஆலிஸ் வில்லலோபோஸ் 2004ல் ஓர் அளவுகோலை வெளியிட்டார். வலி, பசி, நீர்ச்சத்து, சுத்தம், சந்தோஷம், நடமாட்டம், கெட்ட நாட்களைவிட நல்ல நாட்கள் அதிகமா என்று ஏழு கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் 10 மதிப்பெண். மொத்தம் 35க்கு மேல் இருந்தால் கவனித்துக்கொண்டு தொடரலாம். குறைந்துகொண்டே போனால் யோசிக்க வேண்டும். காலண்டரில் நல்ல நாளுக்கு ஒரு புள்ளி, கெட்ட நாளுக்கு ஒரு கோடு போட்டு வந்தாலே இரண்டு வாரத்தில் படம் தெரிந்துவிடும். பாசம் மறைப்பதைக் காலண்டர் மறைக்காது.

இரண்டு தவறுகளுக்கு இடையில்தான் இந்த முடிவு இருக்கிறது. குணமாகக்கூடிய தோல் நோய்க்கும், வயதானதால் வரும் அசுத்தத்துக்கும், கவனிக்க ஆளில்லை என்பதற்கும் ஊசி கேட்பது ஒரு தவறு. தெரு நாயின் பால்வினைக் கட்டி பார்க்கப் பயங்கரமாக இருக்கும், ஆனால் வாரம் ஒரு மருந்தாகச் சில வாரங்களில் பெரும்பாலும் கரைந்துவிடும். அசௌகரியம் தாங்காமல் ஒரு நல்ல மருத்துவரிடம் ஊசி கேட்டால் மறுக்கவே செய்வார். நம்பிக்கை எதுவும் மிஞ்சாத பிறகும் மூச்சு மட்டும் ஓடட்டும் என்று இழுப்பது மற்றொரு தவறு. பிழைக்க வழியில்லாமல் துடிக்கும் பிராணியை வலியின்றி முடிக்க வழி சொல்லும் 13வது பிரிவு, வதைத் தடுப்புச் சட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. விஷம் வைப்பதையும், இதயத்தில் எட்டிக்காய் விஷம் ஏற்றிக் கொல்லும் பழைய முறையையும் அதே சட்டம் வதை என்றே சொல்கிறது.

ஊசி என்றால் என்ன நடக்கும் என்று தெரியாததாலேயே பலர் பயப்படுகிறார்கள். முதலில் மயக்க மருந்து. நாய் உறங்கிவிடும். பிறகு நரம்பில் மயக்க மருந்து வகையைச் சேர்ந்த மருந்தே அதிக அளவில் போகும். நினைவு முதலில் போகும், மூச்சு பிறகு, இதயம் கடைசியில். சில நிமிடங்கள்தான். கண் திறந்தே இருக்கலாம், உடல் ஒருமுறை அசையலாம். அது வலியல்ல. அந்த நிமிடங்களில் தெரிந்த கை ஒன்று தலையில் இருந்தால் நாய் பதறாது. வாசலில் ஒப்படைத்துவிட்டு ஓடிவருபவர்களின் துக்கத்தைப் புரிந்துகொள்ளலாம். ஆனால் அறிமுகமில்லாத மேஜையில் நாய் தேடுவது அவர்களைத்தான்.

பிள்ளைகளிடம் 'ஓடிப்போய்விட்டது', 'ஊருக்கு அனுப்பிவிட்டோம்' என்று சொல்வதும் வழக்கம். ஓடிப்போன நாய்க்காகப் பிள்ளை மாதக்கணக்கில் வாசலில் காத்திருக்கும். நோய் முற்றிவிட்டது, வலிக்காமல் மருத்துவர் தூங்க வைத்தார், இனி திரும்பி வராது என்று சொல்லிச் சேர்ந்து அழுவது நல்லது. கிணற்றிலிருந்தும் ஓடையிலிருந்தும் தள்ளி, ஆழமாகக் குழி எடுத்துப் புதைக்க வேண்டும். மழை மண்ணில் மேலாகப் புதைத்தால் வேறு நாய்கள் தோண்டிவிடும்.

நாய்க்காக அழுவதில் வெட்கப்பட எதுவுமில்லை. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில், மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒன்று நிற்கிறது. மாடுபிடிச் சண்டையில் இறந்த வீரனோடு, கள்ளர் இருவரைக் கடித்து நின்ற அவனுடைய நாயும் அதில் செதுக்கப்பட்டிருக்கிறது. கோவிவன் என்ற அதன் பெயரையும் எழுதி வைத்தார்கள். ஆயிரத்து நானூறு ஆண்டுகளாக அந்த நாய்க்குப் பெயர் இருக்கிறது.

குட்டியை வாங்கும் முன் போட வேண்டிய கணக்கு சுலபமானது. நாயின் ஆயுள் சராசரியாகப் பன்னிரண்டு வருடம். வருடம் ஒரு தடுப்பூசி, ஒரு முறை கருத்தடை, தினமும் இரண்டு வேளை நடை, ஊர் மாறினால் டிக்கெட், கடைசியில் ஒரு கடினமான நாள். தீவில் போஸ்டிங் மூன்று வருடம் என்றால் மீதி ஒன்பது வருடத்துக்கு என்ன திட்டம் என்பதற்கு முதல் நாளே பதில் இருக்க வேண்டும். பதில் இல்லாதவர்கள் பக்கத்து வீட்டு நாயோடு விளையாடிவிட்டு வரலாம். அதுவும் ஒரு பொறுப்பான முடிவுதான்.